சடையன் படி தாண்டிய நாள்

விலங்குகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், எந்த நாயும் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. "காவல்காரனுக்கு வாசல்தான் இடம். உள்ளே போய்ப் படுத்தால் குலத்துக்கே இழுக்கு" என்று ஜம்பமாகச் சொல்லும்.

ஆடு மேய்க்கும் மாரக்காளின் நாய் சடையன் இதில் ஒருபடி மேல். மழை கொட்டினாலும் வாசலில் நனைந்தபடி உட்கார்ந்து, "தூறல்தானே!" என்று நடுங்கிக்கொண்டே சொல்லும்.

ஒரு பங்குனித் திருவிழாவுக்கு முதன்முறையாக வேட்டுக்காரர்கள் வந்தார்கள். முதல் அதிர்வேட்டு வெடித்ததும் ஊரே கைதட்டியது. மாரக்காளும் தட்டினாள். திரும்பிப் பார்த்தால் சடையனைக் காணோம்.

மூன்று நாள் ஓடை, கள்ளிக்காடு என்று தேடி அலைந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. நான்காம் நாள், முள் தைத்த காலோடு ஒரு பாறை இடுக்கில் கிடந்தது சடையன்.

"நரி வந்தாலும் அசைய மாட்டியே. ஒரு சத்தத்துக்கா இப்படி ஓடின?"

"உனக்கு அது ஒரு சத்தம் அக்கா. புல்லுக்குள்ள எலி நடக்குறதே கேக்குற காது என்னோடது. வானமே தலைக்குள்ள விழுந்த மாதிரி இருந்துச்சு. எந்தப் பக்கம் ஓடுறேன்னே தெரியலை."

கைதட்டியதை நினைத்து மாரக்காளுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த பங்குனியில் அவள் முந்திக்கொண்டாள். வெயில் தாழ்ந்ததும் சடையனை ஒரு நடை கூட்டிப்போய் வந்தாள். வயிறு நிறையக் கம்மஞ்சோறு போட்டாள். சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, கட்டிலுக்கடியில் தன் பழைய சேலையை விரித்தாள்.

"உள்ள வா."

"மாட்டேன். ஊர் நாயெல்லாம் சிரிக்கும்."

"சிரிக்கிறதுகளும் ஓடத்தான் போகுது. வா."

"அப்போ காவல்?"

"இன்னிக்கு ஒரு பொழுது நான் காவல்."

சடையன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் வேட்டு வெடித்தது. ஒரே தாவலில் படியைத் தாண்டிக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. மாரக்காள் கதவைத் தாழிட்டாள்.

"மாரக்கா, பூவாணம் விடுறாங்க, வா!" என்று வெளியே கூப்பிட்டார்கள்.

"நீங்க பாருங்க. எனக்கு உள்ள வேலை இருக்கு."

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். இழுக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. கறுப்பாடு காலையில் செய்த சேட்டையை என்றும் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மூக்கு வெளியே வந்து அவள் பாதத்தில் படுத்தது. கடைசி வேட்டு வெடிக்கையில் சடையனுக்குக் குறட்டை.

காலையில் ஊர் நாய்கள் நொண்டிக்கொண்டு, சேறும் முள்ளுமாகத் திரும்பி வந்தன. சிரிக்க ஒன்றுக்கும் தெம்பில்லை.

"உள்ள எப்படி இருந்துச்சு?" என்று ஒன்று மெல்லக் கேட்டது.

"மெத்துனு" என்றது சடையன்.

வேட்டுச் சத்தம் கேட்டதும் நாய்கள் கட்டிலடிக்கு ஓடுவதும், வீட்டில் ஒருவர் வேடிக்கையை விட்டுவிட்டுத் துணைக்கு உட்காருவதும் அந்தப் பங்குனியில் தொடங்கிய வழக்கம்தான்.