சர்க்கரை போடாத பாயசம்

"இன்னும் என்னம்மா யோசனை? தொண்ணூத்தேழு மார்க் வாங்கியிருக்கே!"

சிகாமணியின் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. சும்மாவா? இரண்டு முதியோர் இல்லங்களை மூன்று நாள் அலசி மதிப்பெண் போட்டவர் அவர். சுகாதார ஆய்வாளராக முப்பது வருஷம் ஊரையே மிரட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் மலைமேல் இருக்கும் மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தவர். அவருடைய குருவான அம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

மடத்துச் சமையற்காரர் பொன்னுரங்கத்துக்கு எழுபத்தாறு வயது. பார்வை மங்கிவிட்டது. மலைப்படியில் இரண்டு தடவை விழுந்தும் ஆயிற்று. சொந்தபந்தம் யாரும் இல்லை. இனி அவர் எங்கே இருப்பது என்பதை முடிவுசெய்யத்தான் இந்த ஆய்வு.

"இன்னொரு இல்லம்?" என்று கேட்டார் அம்மை.

"அம்பத்தெட்டு. சுத்தத்துல குறை சொல்ல முடியாது. மாத்திரையும் நேரத்துக்குத் தர்றாங்க. ஆனா காது கொடுத்துக் கேக்க முடியலம்மா. இட்லி கல்லு, ஃபேன் சத்தம், பேப்பர் லேட்டு... ஆளுக்கொரு புகார். ஒரு புகாருக்கு ஒரு மார்க் குறைச்சேன்."

"முதல் இல்லத்துல?"

"முப்பத்தாறு பேர். ஒரு புகார்கூட இல்லை!"

அம்மை சமையற்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"பொன்னுரங்கண்ணே, நாளைக்கு ரெண்டு வாளி பாயசம் வைங்க. சர்க்கரை மட்டும் போடாதீங்க."

பொன்னுரங்கம் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"என் மானத்தை வாங்கணும்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஐயாவோட ரெண்டு இல்லத்துக்கும் போய் உங்க கையாலயே பரிமாறிட்டு வாங்க."

மறுநாள் முதல் இல்லம். மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். முப்பத்தாறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சிகாமணி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். வெறும் பாலில் சேமியா வெந்து கிடந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"அமிர்தம்," என்றார் ஒரு பெரியவர், மேலாளரைப் பார்த்து.

அமிர்தம், அமிர்தம் என்று வரிசை முழுக்கச் சொன்னது. ஓர் அம்மாள் மட்டும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். மேலாளர் லேசாகச் செருமினார். அவள் அவசரமாகக் கிண்ணத்தை எடுத்து மிச்சத்தையும் குடித்தாள். சிகாமணிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் பொன்னுரங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்னை இங்கயா விடப் போறீங்க?"

சிகாமணி இரண்டாவது வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது இல்லத்தில் பரிமாறி முடிவதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. எண்பது வயது மரகதவல்லியின் குரல்.

"யாருய்யா இதைக் காய்ச்சின புண்ணியவான்? சர்க்கரை எங்கே?"

"நான்தாம்மா," என்றார் பொன்னுரங்கம். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"சிரிப்பு வேறயா! கோமதி, சர்க்கரை டப்பாவை எடுத்துட்டு வா!"

கோமதி அந்த இல்லத்தின் மேலாளர். ஓடிப்போய் டப்பாவோடு வந்தார்.

"சர்க்கரை வியாதிக்காரங்க எல்லாம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"நாங்க ஏன் தள்ளணும்? நீ டப்பாவைத் தள்ளி வை!" என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். கோமதி டப்பாவைத் தள்ளி வைத்தார்.

மரகதவல்லி விடவில்லை.

"ஏலக்காயாவது போட்டியாய்யா?"

"வாளிக்கு அஞ்சு."

"அஞ்சா? எந்த ஊர்க் கணக்கு அது?"

"அதுக்கு மேல போட்டா அது பாயசமில்ல, கஷாயம்!"

சாயங்காலம் சிகாமணி மட்டும் மூச்சு வாங்க மலைப்படி ஏறி வந்தார்.

"பொன்னுரங்கண்ணன் எங்கே?" என்று கேட்டார் அம்மை.

"ஏலக்காய்ச் சண்டை இன்னும் முடியலம்மா," என்றார் சிகாமணி. "அவரோட பெட்டியை எடுத்துட்டுப் போக வந்தேன்."