அவர் என்றால் எவர்?

முன்னொரு காலத்தில், காற்று கதவைத் தட்டினாலும் வாளைத் தேடுகிற ராஜா ஒருவர் இருந்தார். பெயர் சிங்ககேது. யாரோ இரண்டு பேர் தூரத்தில் நின்று, "அவர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று பேசினால் போதும், அந்த 'அவர்' தாம்தான் என்று அரசர் முடிவுகட்டிவிடுவார். பேசியவர்கள் மாமனாரைச் சொல்லியிருப்பார்கள், மாட்டு வைத்தியரைச் சொல்லியிருப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் முரசறைவித்தார். "இனி இந்நாட்டில் எவரும் அவன், அவள், அவர் என்று மூடிப் பேசலாகாது. யார் என்று கேட்டும் பெயர் சொல்லாதவர் ராஜத் துரோகி. தண்டனை மரணம்."

இந்த யோசனையை அரசர் காதில் போட்டவர் பிரதானி உக்கிரசேனர். விகடகவி சாத்தப்பன்மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். சபையில் சாத்தப்பன் வாய் திறந்தால் சிரிப்பு வரும். பிரதானி வாய் திறந்தால் கொட்டாவி வரும். பின்னே எரியாமல் என்ன செய்யும்?

சீக்கிரமே பிரதானியின் வலையில் மீன் விழுந்தது. சாத்தப்பனின் மனைவி பொன்னாச்சி வைக்கும் வற்றல் குழம்பு என்றால் அரசருக்கு உயிர். வெள்ளிக்கிழமைதோறும் அரண்மனைக்கு ஒரு கலயம் போகும். அந்த வெள்ளிக்கிழமை அவள் அடுத்த வீட்டுக்காரியிடம் பேசியதை, வேலிக்கு மறுபுறம் ஒளிந்திருந்த ஒற்றன் கேட்டுவிட்டான்.

"இன்னைக்கு அவருக்குக் குழம்புலயே கலந்து குடுத்துடப் போறேன். ருசி தெரியாது. நாலு வாய் உள்ள போனாப் போதும், அவரு ஆட்டமெல்லாம் அடங்கிடும்."

கலயத்தோடு அவளையும் சபைக்கு இழுத்து வந்தார்கள். அரசர் கலயத்தை எட்டி நின்றே பார்த்தார். போன வாரம் விரலைச் சூப்பிச் சாப்பிட்ட குழம்பு இப்போது நினைவில் கசந்தது.

"யாருக்குக் கலந்தாய்?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் மகாராசா. பேதி மருந்து. மாசக்கணக்கா வயித்தைப் புடிச்சிக்கிட்டு அனத்துறாரு, மருந்துன்னா மட்டும் ஓடிப் போயிடுறாரு. உங்க கலயம் தனியா வீட்டுல இருக்கு."

"அகப்பட்டபின் யாரும் இப்படித்தான் சொல்வார்கள், பிரபு. பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார் பிரதானி.

பொன்னாச்சி தாலியைப் பிடித்துக்கொண்டாள். "புருசன் பேரைச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்னு சொல்லி வளத்தாங்க. என் தலை போனாப் போகட்டும். அவரு ஆயுசுல ஒருநாளைக்கூட நான் குறைக்க மாட்டேன்."

சாத்தப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். எந்நேரமும் வருகிற நையாண்டி ஒன்றும் வரவில்லை. அரசர் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். புருஷனும் பெண்டாட்டியும் கூட்டுச் சதியோ?

கடைசியில் சாத்தப்பன் கைகூப்பினான். "பிரபு, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? அதே சட்டப்படி இன்னொரு பெண்ணையும் இங்கே விசாரிக்க அனுமதி வேண்டும். குடும்பப் பெண். திரை மறைவில் நின்று பேசுவார்."

அரசர் தலையசைத்தார். சாத்தப்பன் ஒரு பணிப்பெண்ணின் காதில் ஏதோ சொல்லி அந்தப்புரத்துக்கு அனுப்பினான்; திரை கட்டப்பட்டது. சிறிது நேரத்தில் அதன் பின்னால் வளையல் ஓசை கேட்டது.

"அம்மா, தங்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டான் சாத்தப்பன்.

"அவருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. பாலில் எதையாவது கலந்து கொடுத்தாவது அவரைத் தூங்க வைத்துவிட வேண்டும்."

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரல்! மனம் முதலில் வழக்கமான இடத்துக்குத்தான் ஓடியது: இவள் யாரை 'அவர்' என்கிறாள்? பிறகுதான் உறைத்தது. நேற்றிரவு கட்டிலில் புரண்டது யார்? தலைமாட்டில் உட்கார்ந்து விடியும்வரை விசிறியது யார்? அரசருக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் சாத்தப்பன் என்ன செய்கிறான் என்று பார்க்கக் காத்திருந்தார்.

"அந்த 'அவர்' யாரம்மா? பெயர்?"

திரைக்குப் பின்னிருந்து பதிலே இல்லை.

"பிரதானியாரே, சட்டப்படி இதற்கு என்ன?"

"இதில் கேட்க என்ன இருக்கிறது? இவளும் துரோகி! இரண்டு தலையும் இன்றே உருள வேண்டும்!"

திரை விலகியது. விலக்கியவர் மகாராணி.

பிரதானி பொத்தென்று மகாராணியின் காலில் விழுந்தார்.

"பிரபு," என்றான் சாத்தப்பன், "இந்தச் சட்டம் நின்றால் நாட்டில் பெண்டாட்டி என்று ஒருத்தி மிஞ்சமாட்டாள். 'அவர்' என்று சொன்னபோது மகாராணியார் நெஞ்சில் தாங்கள் இருந்தீர்கள். இவள் நெஞ்சில் நான் இருந்தேன். தங்கள் நெஞ்சில் மட்டும்தான் கொலைகாரன் இருந்தான்."

அரசர் வெட்கத்தோடு மகாராணியைப் பார்த்தார். அந்த அம்மாள் லேசாக முறைத்தார். அவ்வளவுதான், அரசருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சட்டம் அங்கேயே ரத்தாயிற்று. பிரதானியும் ஒற்றனும் யானைக் கொட்டடியில் சாணம் அள்ளப் போனார்கள். பட்டுச்சேலை கொடுப்பதற்காகப் பொன்னாச்சியை மகாராணி அந்தப்புரத்துக்கு அழைத்துப் போனார்.

ஆனால் பிறவிக்குணம் பொங்கலிட்டாலும் போகுமா?

"சாத்தப்பா, கலயத்தில் இருப்பது மருந்துதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? குடித்துக் காட்டு."

ஊரையே ஏமாற்றத் தெரிந்தவனுக்கு அப்போது ஒரு தந்திரமும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வாழ்த்துப்பா பாடத் தொடங்கியவன் பாதியிலேயே நின்றான், வயிற்றைப் பிடித்தான், மாலையும் கையுமாகத் தோட்டத்துப் பக்கம் பறந்தான். அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

புதுச்சேலையோடு திரும்பி வந்த பொன்னாச்சி, சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவரு எங்க?" என்றாள்.

எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ராஜா உட்பட அத்தனை பேரும் தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார்கள்.