எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

மலையடிவாரத்தில் கோணப்புளி என்று ஓர் ஊர். யார் எதைச் சொன்னாலும் அந்த ஊர்க்காரர்கள் அப்படியே செய்துவிடுவார்கள். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

அங்கே மயிலாத்தா தனி ஆளாகக் கடலை போட்டிருந்தாள். காட்டுப்பன்றி ஒன்று வந்து பாதியைத் தோண்டித் தின்றுவிட்டது. மிச்சமிருந்த பாதிதான் அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வருஷத்துச் சோறு. அவள் ஊர்த்தலைவர் நாச்சிமுத்துவிடம் போய் முறையிட்டாள்.

தலைவர் வீட்டில் ஒரு பழைய ரைஃபிள் உண்டு. ஊரின் ஒரே வேட்டைக்காரனான சென்னியப்பன் அதைக்கொண்டு ஏற்கெனவே இரண்டு முறை பன்றியைச் சுட்டிருந்தான். பன்றி வேப்பமரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுத் திரும்பி வந்து தின்றது.

"குண்டு பத்தலீங்க. கனமான குண்டு வேணுமுங்க" என்றான் சென்னியப்பன்.

இருவரும் ஆறுக்குட்டியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். ஆறுக்குட்டி ஐந்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவன். ஊரிலேயே அதிகம் படித்தவன் அவன்தான்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் ராவுத்தர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளே திருகு திருகா வரி ஓடுது பாருங்க. அதுதான் குண்டைச் சுழல வைக்குது. சுழன்றாத்தான் குண்டு பம்பரம் மாதிரி நிலையாப் போகும். உங்க குழல்ல பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. சின்னக் குண்டுக்கு அது போதும். கனத்த குண்டு நீளமா இருக்கும், அதுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வேணும். இல்லேன்னா தள்ளாடிக் குறுக்கே போகும். வேற குழல் போடுங்க."

"எங்க பாட்டன் குழலுங்க அது. மாத்தினாச் சாமி குத்தம்" என்றார் தலைவர்.

"அப்ப சின்னக் குண்டே போதும், போங்க."

மூவரும் தலையாட்டினார்கள். அடுத்த கடையில் பத்துக் கனத்த குண்டு வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் துப்பாக்கியைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அது சுற்றுகிறதா என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை பார்த்தார்கள். அது அசையவில்லை.

"சோம்பேறிக் குழல்" என்றார் தலைவர்.

ஆறுக்குட்டி கண்ணை மூடி யோசித்தான். "குழல் சுத்தலேன்னா என்னுங்க? புடிச்சிருக்கற ஆளு சுத்தட்டும். நம்ம சென்னியப்பன் வருஷா வருஷம் மாரியம்மன் கோயில்ல உருளுதண்டம் போடறவன்தானுங்களே?"

கூடியிருந்த ஊர்ச்சபை அவனை வியந்து பார்த்தது. சென்னியப்பனைத் தரையில் படுக்கவைத்து, துப்பாக்கியை நெஞ்சோடு கட்டி, ஒருமுறை உருளச் சொன்னார்கள். ஆறுக்குட்டி முழம் போட்டான்.

"ரெண்டரை முழம் நகர்ந்துட்டான். எட்டு அங்குலத்துக்குள்ள ஒரு சுற்று வரோணும்னா இடுப்புச் சுத்தளவே எட்டு அங்குலந்தானுங்க இருக்கோணும்."

"நாலு நாள் பட்டினி போட்டா வந்துருமா?" என்று கேட்டார் தலைவர்.

"ஏனுங்க, நான் பாம்புங்களா?" என்றான் சென்னியப்பன் படுத்தபடியே.

நெடுநேரம் விவாதித்து ஒரு வழி கண்டார்கள். சென்னியப்பன் ஒரு சுற்று உருள வேண்டியது. உருண்டதும் நாலு பேர் காலைப் பிடித்து, எட்டு அங்குலக் கோடுவரை பின்னால் இழுத்துவிட வேண்டியது. பன்றி வருகிற இடத்தில் பழகினால்தான் கை வரும் என்று மயிலாத்தாவின் கடலைக்காட்டிலேயே பழகினார்கள். மண்ணும் அங்கேதான் மெத்தென்று இருந்தது.

"செடி போகுது! ஐயோ, செடி போகுது!" என்று மயிலாத்தா கத்தினாள்.

"சத்தம் போடாதாத்தா. பன்னி உசாராயிரும்" என்றார் தலைவர்.

மூன்று நாள் உருண்டார்கள். இழுத்த இழுப்பில் செடிகள் வேரோடு வந்தன. பிஞ்சுகள் நசுங்கி மண்ணோடு மண்ணாயின. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது பன்றி வந்தது. சென்னியப்பன் அப்போது நாற்பதாவது சுற்றில் இருந்தான்.

"சுடுடா!"

"எட்டுப் பன்னி தெரியுதுங்க! எதைச் சுட?"

"எட்டு அங்குலத்துக்கு எட்டுப் பன்னி! கணக்குச் சரியாப் போச்சு!" என்று குதித்தான் ஆறுக்குட்டி.

"நடுவுல இருக்கறதைச் சுடு" என்றார் தலைவர்.

"எட்டுல நடு ஏதுங்க?"

அதுவும் நியாயம்தான். மூவரும் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். பன்றி காட்டைச் சுற்றிப் பார்த்தது. இரண்டு இடத்தில் முகர்ந்தது. தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மலைப்பக்கம் போய்விட்டது.

"ஓடிருச்சு! குண்டே செலவாகல!" என்று தலைவர் மாலை கொண்டுவரச் சொன்னார்.

மயிலாத்தா வெறும் வரப்பில் நின்றாள். "பன்னி பாதியைத்தான் தின்னுச்சு. மீதியைத் தின்னது நீங்க. இனி என் காட்டை அந்தப் பன்னிக்கே வாரத்துக்கு விட்டர்றேன். அது பாதியாச்சும் மிச்சம் வைக்கும்!"

சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள்.

தலைவர் அவள் சொன்னதைத் தட்டவில்லை. மறுநாள் காலையே, பன்றியோடு விளைச்சலில் பங்குக்கு வாரப் பத்திரம் எழுத, காகிதமும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு மூவரும் மலையேறினார்கள். பாதி மலை ஏறியதும் ஒரு சிக்கல் எழுந்து, பாறை மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கைநாட்டு வாங்கோணுமே, அது முன்னங்காலா, பின்னங்காலா?" என்று கேட்டார் தலைவர்.

ஆறுக்குட்டி வெகுநேரம் யோசித்தான். "அதை அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல அதுக்குப் படிக்கத் தெரியுமான்னு கேப்போம். படிக்காதவங்கள ஏமாத்துனோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக்கூடாது."