தகரம் குடித்த பால்

ஊரார் கண் பட்டுவிடும் என்று தணிகாசலம் தன் மாட்டுக்கொட்டகையின் சன்னல்களையெல்லாம் தகரம் அடித்து மூடினார். மாடுகள் மெலிந்தன, பாலும் பாதியாகக் குறைந்தது. பால் வாங்க வந்தவர்கள் முன்னால், கறவைக்காரி வேம்பாயியைப் பார்த்துக் கத்தினார்.

"திருடி! பாலை எங்கடி கொண்டுபோய் விக்கிற?"

வேம்பாயி பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகையைக் காட்டினாள்.

"உள்ள வாங்க மொதலாளி, திருடனைக் காட்டுறேன்."

பட்டப்பகலில் உள்ளே போனவர் தீவனத்தொட்டியில் முட்டிச் சாணியில் விழுந்தார்.

"ஐயோ, கண்ணு தெரியலையே!"

"உங்களுக்கே தொட்டி தெரியலை, மாட்டுக்கு மட்டும் தெரியுமா? வெளிச்சமே காணாம, அரைவயிறு தின்னுட்டு அது எப்படிக் கறக்கும்? நான் திருடியா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி, சரி, தகரத்தைப் பிரிச்சுடு" என்று முனகினார்.

வேம்பாயி கடப்பாரையை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

"அடிச்ச கையே பிரிக்கட்டும்."