மூணாவது பேரிங்

“மூணாவது பேரிங்குங்க வாத்தியாரே! மூணும் போலிச் சரக்கு!”

சென்னியப்பன் ரோலரை மேசைமேல் வீசினான். அது உருண்டு போய் டீ டம்ளரில் முட்டி நின்றது.

வாத்தியார் என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். கோகிலவாணிக்கு முப்பத்திரண்டு வயசு. சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கிறாள். பழைய வண்டிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறாள்.

சிஷ்யனுக்கு ஐம்பத்தொன்று. கோபத்துக்கு வயசே கிடையாது.

அவனிடம் நாற்பது வருஷத்து இத்தாலி வண்டி ஒன்று இருக்கிறது. அதன் டைமிங் பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ரோலர்தான். உள்ளே இருக்கும் பேரிங் போனால் பெல்ட் தளரும், பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் இன்ஜினை எடைக்குத்தான் போடவேண்டும்.

“எத்தனை நாள் ஓடுச்சுங்ணா?”

“மூணே வாரம். அப்பறம் கர்ரு கர்ருன்னு ஒரே சத்தம். அந்தக் கடைக்காரனை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!”

“பேரிங்கை ப்ரெஸ் மெஷின்ல வெச்சு அமுக்குனீங்களா?”

“அதுக்கெல்லாம் எங்கீங்க பொறுமை? வீட்லயே சுத்தியல்ல தட்டி இறக்கிட்டேன். நல்லாத்தான் உக்காந்துச்சு.”

போன் அடித்தது. மகள் தாரணி. ஸ்பீக்கரில் போட்டான்.

“அப்பா, மத்தியானம் சோத்துக்கு வருவீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க.”

“ஏன், உங்கம்மாளுக்கு வாயில்லையா? நான் வந்தா என்ன, செத்தா என்னன்னு கேட்டேன்னு சொல்லு! இதே வார்த்தையில சொல்லோணும்!”

கட் பண்ணினான்.

பேச்சைப் பாருங்கள்! மாமனார் காரியத்தன்று வண்டியை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போன ஆள் இவன். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாள் பெண்டாட்டி. இவனும் வீம்புக்கு நிறுத்தினான். நாலு மாசமாய் இரண்டு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பதினேழு வயசுப் பிள்ளை.

“அதும் ஹாஸ்டலுக்குப் போறேங்குதுங்க,” என்றான். குரல் கொஞ்சம் இறங்கியது. “ஒத்தப் புள்ளை. அது போயிட்டா அந்த வீட்ல எனக்கு என்ன இருக்குது? எல்லாம் அவங்கம்மா ஏத்தி விடறதுங்க.”

கோகிலவாணி புதுப் பேரிங் ஒன்றைக் காகிதம் பிரித்து அவன் கையில் வைத்தாள்.

“சுத்திப் பாருங்க.”

சுற்றினான். சத்தமே இல்லை. விட்ட பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது.

“போலிச் சரக்கா?”

“இல்லீங்க. இது நல்லாருக்குது.”

“வீட்ல எப்படி இறக்குனீங்களோ, அப்படியே இறக்குங்க.”

ரோலரிலிருந்த பழைய பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுசை அதன் வாயில் வைத்தான். ஒரு சின்னக் குழாயை எடுத்தான். பேரிங்கின் உள் வளையத்தின் மேல் நிறுத்தினான். மேலே சுத்தியலால் நாலு போடு போட்டான். பேரிங் ரோலருக்குள் போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா!” என்றான் பெருமையாக.

“இப்பச் சுத்துங்க.”

சுற்றினான். விரலுக்குக் கீழே கரகரவென்றது.

நம்பாமல் இன்னொரு தரம் சுற்றினான். கரகர.

“ரோலர்ல இறுக்கமா உக்கார வேண்டியது எந்த வளையம்?”

“வெளி வளையம்.”

“நீங்க அடிச்சது?”

“உள் வளையம்.”

“இங்க அடிச்ச அடி அங்க எது வழியாப் போச்சு?”

சென்னியப்பன் ரோலரை உற்றுப் பார்த்தான்.

“ரெண்டு வளையத்துக்கும் நடுவுல இருக்கற குண்டு வழியாங்க.”

“அதுங்க என்னங்ணா பாவம் பண்ணுச்சு?” என்று கத்தினாள் கோகிலவாணி. லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “சொல்லுங்க! சும்மா உருண்டுட்டுக் கெடக்கறதுங்க மேல ஏன் அடியை ஏத்தறீங்க? ஒவ்வொரு அடிக்கும் உள்ள ஒரு பள்ளம் விழுகுது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. மூணைக் கெடுத்துட்டு வந்து சரக்கு சரியில்லைங்கறீங்களே, வெக்கமா இல்லை உங்களுக்கு?”

அவன் விரல் ரோலரைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி போன் அடித்தது.

“அப்பா.” தாரணி மூக்கை உறிஞ்சினாள். “நீங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். அதுக்கு அம்மா என்ன சொல்லச் சொன்னாங்கன்னா…”

“நீ சொல்லாத சாமி,” என்றான் சென்னியப்பன். “போனை அம்மாகிட்டக் குடு.”