கத்தரித்த செய்தி

"என் பள்ளிக்கூடத்துல யாரோ பிள்ளைங்க மனசைக் கெடுக்கிறாங்கம்மா. யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அம்பலவாணன் உட்காரக்கூட இல்லை. வாடகைக் கொட்டகையில் தனியாளாகத் தொடங்கிய பள்ளியை வளர்த்து, இன்றைக்கும் அதன் முதல்வராக இருப்பவர். ஓடைக்கரை ஆசிரமத்துக் குரு அவரைவிட வயதில் இளையவர். ஊரே அம்மா என்று கூப்பிட்டது. அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"ஏரியில மீனெல்லாம் செத்து மிதந்துச்சில்ல? அது சாயப்பட்டறைத் தண்ணியாலதானேன்னு எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க கேக்குதுங்க. பட்டறைக்காரர் போன்ல கத்துறார். சொல்லிக் கொடுத்த டீச்சர் யாரோ, அவங்களை வேலையைவிட்டு அனுப்புன்னு சொல்றார். அவர் பொண்ணும் அதே வகுப்புதான்."

"பிள்ளைங்க கேக்கக் கூடாதா?"

"தாராளமா கேக்கலாம். யாரோ சொல்லிக் கொடுத்துக் கேக்கக் கூடாது. நான் அரசாங்க உதவி வாங்கினதில்ல. எந்தக் கட்சிக்காரனையும் வாசப்படி ஏற விட்டதில்ல. எங்க பள்ளிக்கூடம் யாருக்கும் கட்டுப்பட்டதில்லம்மா."

"புதுக் கட்டடம் யார் கட்டிக் கொடுத்தது?"

அம்பலவாணனின் பார்வை கீரைக்கு இறங்கியது.

"பட்டறைக்காரர்தான்."

குரு அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

"நாட்டு நடப்பெல்லாம் பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியுது?"

"தினமும் வகுப்புக்குப் பேப்பர் போகும். அதுல ஒண்ணும் வராது. முதல்ல நான் படிச்சு, வேண்டாததைக் கத்தரிச்சிட்டுத்தான் அனுப்புவேன். ஏரிச் செய்தியையும் வெட்டிட்டேன். அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"யார் மேல சந்தேகம்?"

"தேவகிருபை. சமூக அறிவியல் டீச்சர். நான் ஆசிரியர் அறைக்குள்ள போனா பேச்சை நிறுத்திடுறாங்க. வகுப்புச் சன்னலோரம் நின்னு கேட்டுப் பார்த்தேன். பாடத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசல. அதான் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சு."

குரு கையைக் கழுவினார்.

"வாங்க, போகலாம்."

*

எட்டாம் வகுப்பில் தேவகிருபை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முதல்வரைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்தார்கள். குரு உட்காரச் சொன்னார்.

"ஏரியில மீன் ஏன் செத்துச்சு?"

எல்லாக் கண்களும் அம்பலவாணனிடம் போய், உடனே மேசைக்கு இறங்கின.

"மறைக்கிறாங்க பாத்தீங்களா?" என்று அவர் குருவின் காதருகே சொன்னார்.

"நீங்களும் டீச்சரும் கொஞ்சம் வெளியில இருங்க."

கதவு சாத்தப்பட்டது. நடைவழியில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். தேவகிருபை விரலில் ஒட்டிய சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே?" என்றார் அம்பலவாணன்.

"இல்ல சார்."

"அப்ப வேற யாரு?"

தேவகிருபை பதில் சொல்வதற்குள் உள்ளே சலசலப்பு எழுந்தது. ஒரு பையனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அன்னைக்குப் பேப்பர்ல பெரிய ஓட்டைங்கம்மா! ஓட்டை எவ்வளவு பெருசோ அவ்வளவு பெரிய சேதி. எங்களுக்குத் தெரியுமில்ல?"

"முதல் பக்கத்துல பாதியே இல்ல" என்றது இன்னொரு குரல். "அதனாலதான் வீட்டுக்குப் போய் எங்க பேப்பரை எடுத்துப் பார்த்தோம்."

வகுப்பே சிரித்தது. அம்பலவாணனுக்குக் காது சுட்டது. தேவகிருபையின் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே சிரிப்பு அடங்கியது. இப்போது ஒரு பெண் குரல். பட்டறைக்காரரின் மகள் தர்ஷினி.

"நான் எங்க பட்டறைக்குப் பின்னாடியே போய்ப் பார்த்தேனுங்க. குழாய் நேரா ஏரிக்குத்தான் போகுது. அப்பாகிட்ட கேட்டேன். அதுக்கு அப்பா..."

அம்பலவாணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பேச்சு அப்படியே நின்றது. தர்ஷினி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

இத்தனை வருடத்தில் இந்த வகுப்பு இப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"மேல சொல்லும்மா" என்றார். அதட்டலாக வரவேண்டிய குரல் கெஞ்சலாக வந்தது.

தர்ஷினி வாசலில் நின்ற தேவகிருபையைப் பார்த்தாள். பிறகு அம்பலவாணனைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

"சொன்னா யாரை அனுப்புவீங்க சார்?"

அம்பலவாணன் குருவின் பக்கம் திரும்பினார்.

"கேட்டது உங்களை" என்றார் குரு.