பூவைக் கழுவித் தின்றவர்

"நான் ஊருக்குப் போறேன் தாயி. எனக்கு மௌனம் ஒட்டல" என்றார் பேச்சிமுத்து. தோளில் பை தொங்கியது.

குற்றால மலையடிவாரத்து மடத்தில் அவர் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது இவருக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். எதற்கென்று அவருக்கே தெரியாது. சிரித்தால் மண்டபமே அதிரும்.

மூத்த சீடர் ஆவுடையப்பன் முறைப்பார். பாவம், அந்த மனிதர் பிறந்ததிலிருந்தே முறைத்துக்கொண்டிருப்பவர்.

குரு குழல்வாய்மொழி வயதில் பேச்சிமுத்துவுக்கு மிகவும் இளையவர். தடுக்கவில்லை.

"போங்க அண்ணாச்சி. அதுக்கு முன்னால அந்த ரோஜாத் தேனை வடிகட்டிக் குடுத்துருங்க."

தேன் பேச்சிமுத்துவின் பொறுப்பு. பன்னீர் ரோஜா இதழ்களை ஈரம் போக நிழலில் உலர்த்தி, ஜாடியில் போட்டு, முங்கும்வரை தேன் ஊற்ற வேண்டும். இதழ்கள் மிதந்து மிதந்து மேலே வரும். தினமும் கரண்டியால் அமுக்கிவிட வேண்டும்.

சமையற்கட்டில் குரு பக்கத்தில் நிற்க, பேச்சிமுத்து ஜாடியின் தேனைத் துணியில் ஊற்றி வடித்தார். துணியில் நாலைந்து இதழ்கள்தான் தங்கின.

"ஒரு கூடைப் பூ போட்டோமே அண்ணாச்சி. மிச்சம் எங்க?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தார்.

"தின்னுட்டேன் தாயி."

"அம்புட்டையுமா?"

"தேனா மாறிட்டுதான்னு தெனமும் எடுத்துப் பாப்பேன். தேனோட தின்னா எதுவும் இனிக்கத்தான செய்யும்? அது கள்ள ஆட்டம். அதான் நல்லாக் கழுவிட்டு மென்னு பாத்தேன்."

குரு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"பூ பூவாத்தான் இருக்கு. ஒரு எதழ்கூட மாறல. என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. நானும் இங்கதான் ஊறிக் கெடக்கேன். என்ன பிரயோஜனம்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மடத்தை அவ்வளவு பிடித்திருந்தது.

"சரி, தேனை வாயில வச்சுப் பாத்தியளா?"

"அதுல என்ன இருக்கு பாக்க? அது தேன்தான."

குரு கரண்டியை நீட்டினார்.

பேச்சிமுத்து நக்கினார். இன்னொரு முறை நக்கினார். கரண்டியைத் திருப்பி அதன் முதுகையும் நக்கினார்.

"தாயி! முழுக்க ரோஜா!"

அப்போது தியான மண்டபத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல. முதலில் அவருக்கு என்னவென்றே புரியவில்லை. அது சிரிப்பு. பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு மொத்த மண்டபமும் சிரித்தது.

"மொதல்ல சிரிச்சது யாரு தாயி?"

"நம்ம ஆவுடையப்பன்."

தோளிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்தது.

"அவரா! எப்ப இருந்து?"

"ரொம்ப நாளாவே இப்படித்தான். நீங்க போடுத சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கும்?"